பத்து சென்டும் தசமப் புள்ளியும்

குவைத்தில் எட்டு வருஷம் ஒரு கம்பெனியின் சம்பளப் புரோகிராம் எழுதிய சதாசிவன், பாறசாலைக்குத் திரும்பும்போது ஒரு கம்ப்யூட்டரையும் கொண்டுவந்தான். நெய்யாற்றின்கரை டுட்டோரியல் ஒன்று ராங்க் பட்டியல் போடும் வேலையைக் கொடுத்தது. ஆயிரத்துச் சொச்சம் மார்க்குகளை வரிசைப்படுத்த மெஷினுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலானது. இனி ஒவ்வொரு பரீட்சைக்கும் மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்னால் பட்டியல் வராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு என்றார் பிரின்சிபல்.

சதாசிவன் தன் புரோகிராமைச் சந்தேகப்படவே இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். திருவனந்தபுரத்துக் கடையில் புது மெஷினில் அதே புரோகிராமை ஓட்டிப் பார்த்தான். பாதி நேரம்கூட ஆகவில்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

புது மெஷினுக்காக அப்பா அப்புக்குட்டனின் பத்து சென்ட் நிலம் விலைபோயிற்று. நிலத்துக்குடையவரான ஜன்மி எப்போது இறக்கிவிடுவாரோ என்று பயந்தே குடிசையில் கிடந்த மனிதருக்கு, குடியிருப்பவனுக்கே மண் என்று நிலச்சட்டம் வந்தபின் சொந்தமான மண் அது. கையெழுத்துப் போட்டுவிட்டு, "நீ நல்லா இருந்தா போரும் மக்கா" என்றார்.

புது மெஷினில் மார்க்கை ஏற்றும்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஒரு மார்க்கில்கூடப் புள்ளி இல்லை. குவைத் தினாருக்குப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் உண்டு. அந்தப் பழக்கதோஷத்தில் வரிசை முழுவதையும் தசம எண் என்று எழுதிவைத்திருந்தான். ஒவ்வொரு மார்க்கும் நாலு மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டது. இரண்டு மார்க்கை ஒப்பிடும்போதெல்லாம் மெஷின் இல்லாத புள்ளிக்கும் சேர்த்து மாரடித்தது.

வரிசையை முழு எண் என்று மாற்றி, மூலையில் கிடந்த பழைய மெஷினில் ஓட்டினான். சாயா ஆறுவதற்குள் பட்டியல் வந்துவிட்டது. கடையில் புது மெஷின் எடுத்த நேரத்தைவிடக் குறைவு. மெஷினோடு மெஷினை ஒப்பிட்ட மடையன், உள்ளே இருப்பது என்ன எண் என்று ஒருதரம் பார்த்திருக்கக் கூடாதா? மண்ணை வாங்கியவன் அதற்குள் அதில் நின்ற பழைய குடிசையைப் பிரித்து ரப்பர் கன்று நட்டுவிட்டான்.

அப்பா உள்ளே வந்தார்.

"புதுசு வேகமா ஓடுதா மக்கா?"

"ஓடுதுப்பா."

"அப்பம் மண்ணு போனது வெறுதே இல்ல."

சொல்லிவிடலாம் என்று சதாசிவன் வாயெடுத்தான். அதற்குள் அப்பா பழைய மெஷினைத் தட்டிப் பார்த்தார்.

"இத எடுத்து வெளிய போடு மக்கா. மெள்ள ஓடுத சாதனத்த வச்சு என்ன செய்யதுக்காக்கும்?"

"செரிப்பா" என்றான் சதாசிவன்.