டாப்பெட் சத்தம்

யூனுஸ் பாய் அந்த வால்வைத் துணியால் துடைத்து, விரித்திருந்த செய்தித்தாள்மேல் என் முன்னால் வைத்தார். காளான் போல இருக்கும் அதன் தலையில், எலி கொறித்த தேங்காய்ச்சில் மாதிரி, ஓரத்தில் ஒரு துண்டைக் காணோம். மற்ற ஏழு வால்வும் பக்கத்தில் வரிசையாகக் கிடந்தன. செல்லூர்ச் சந்துக்குள் இரண்டு தறிக்கூடங்களுக்கு நடுவே அவருடைய பட்டறை. காலை பதினோரு மணிக்கே எனக்கு வேர்த்து ஊற்றியது. வெயில் ஒரு காரணம்தான்.

"எரிஞ்சிருக்குண்ணே," என்றார்.

என்னுடையது அறுபத்தெட்டாம் வருஷத்து அம்பாசிடர். சோணைமுத்து என்றால் உசிலம்பட்டியில் பாதிப் பேருக்குத் தெரியாது, வெள்ளை அம்பாசிடர்க்காரர் என்றால் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். அதில் எனக்குத் திமிர் உண்டு, மறைப்பானேன். போன வருஷம் பாய்தான் இன்ஜினைப் பிரித்து எட்டு வால்வும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். வண்டி ஜம்மென்று போனது. வால்வைத் தட்டித் திறக்கிற டாப்பெட் மட்டும் டிக் டிக் என்று லேசாகச் சத்தம் போட்டது. அது அப்படித்தான் இருக்கணும், சூடானால் இரும்பு நீளும், நீளுவதற்கு விட்ட இடம் அது, அந்த இடத்தை அடைத்தால் வால்வு முழுசாக மூடாது, நெருப்பு கசிந்து ஓரத்தைத் தின்றுவிடும் என்று அன்றைக்கே விளக்கமாகச் சொன்னார். பெரிய மனுஷன் மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

பேரன் காதுகுத்துக்கு அந்த வண்டியில்தான் போய் இறங்கினேன். மகள் மீனாவின் மாமனார் கண்ணுச்சாமிக்கு என்னை வம்பிழுக்காவிட்டால் சோறு இறங்காது. பந்தலில் அத்தனை பேர் முன்னால், "என்ன சம்பந்தி, தையல் மிஷின்ல ஏறி வந்திருக்கீக?" என்றார். பந்தலே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ராத்திரி முழுக்க அந்தச் சிரிப்பு காதுக்குள்ளேயே இருந்தது. விடிந்ததும் முதல் வேலையாக இன்ஜின் மூடியைக் கழற்றி, ஸ்பேனரும் திருப்புளியுமாக உட்கார்ந்து, எட்டு இடத்திலும் இடைவெளியே இல்லாமல் திருகிவிட்டேன். சத்தம் நின்றது. "மெக்கானிக் பண்ற வேலைய நீங்க ஏன் பண்றீக?" என்று கேட்ட என் மனைவி முத்துத்தாயையும் ஒரு அதட்டுப் போட்டு உள்ளே அனுப்பினேன்.

இரண்டு மாதம் வண்டி பூனை மாதிரி ஓடியது. அப்புறம் ஒருநாள் செக்கானூரணி தாண்டியதும் இருமத் தொடங்கி, தள்ளாடி நின்றே போனது. டிராக்டரில் கட்டி இழுத்து வந்தேன். அன்றைக்குப் பார்த்துச் சந்தை நாள், பார்க்காத ஆள் பாக்கியில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் நூற்றைம்பது பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில், செல்லூர் யூனுஸ் டூப்ளிகேட் வால்வு போட்டு ஏமாத்திட்டான், அவன்கிட்ட யாரும் வண்டி விடாதீக என்று குரலாகவே பேசி அனுப்பினேன். வாயார பாய், பாய் என்று கூப்பிட்டவரை அவன் இவன் என்றேன். திருகியது என் கைதான் என்பது பேசும்போதே எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் பேசினேன்.

நாலாம் நாள் அவரே போன் செய்தார். வண்டிய இங்கே கொண்டாங்க, உங்க கண்ணு முன்னாடியே பிரிக்கிறேன் என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வண்டியைக் கொண்டுபோன அன்றைக்குக் காலையில் மூடியைத் திறந்ததும் முதலில் அந்த இடைவெளியைத்தான் பார்த்தார். தாளைவிட மெல்லிய தகடுகூட ஓரிடத்திலும் நுழையவில்லை. நட்டுகளை விரலால் தடவினார்.

"யாரும் கை வச்சாகளாண்ணே?"

"யாரு வைக்கப்போறா? கடைசியாத் தொட்டது நீங்கதான பாய்."

அவர் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

அதற்கப்புறம்தான் இந்த எரிந்த வால்வு. புது வால்வை அது உட்காரும் குழியில் வைத்து, அரைக்கும் பசை தடவி, அதில் ஒட்டிய பிடிகுச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து மோர் கடைவது போலக் கடைந்தார். அவர் மகள் இஷ்ரத் டீ கொண்டுவந்தாள். கல்லூரி முடித்துவிட்டு, பட்டறைக்குச் சாமான் வரவழைக்கிற வேலையைப் பார்க்கிற பெண். டம்ளரை வைத்துவிட்டுத் தணிந்த குரலில், "உங்க வாய்ஸக் கேட்டுட்டு மூணு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாங்க மாமா. என் பிரண்டோட அப்பாவும் அந்தக் குரூப்ல இருக்காரு. அவதான் எனக்குப் போட்டுக் காமிச்சா," என்றாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் எல்லாம் பூட்டி முடிந்தது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஒரே மூச்சில் பிடித்தது. நான் சந்து முனைக்குப் போய்ப் போனை எடுத்தேன். யூனுஸ் பாய் போட்டது நல்ல வால்வுதான், ஏதோ தவறு நடந்துபோச்சு, வண்டி சரியாயிருச்சு, எல்லாரும் தாராளமா அங்க விடலாம் என்று பேசி அனுப்பினேன். ஒரு நிமிஷத்துக்குள் கும்பிடும் கட்டைவிரலுமாக வந்து குவிந்தன. பெரிய மனசுண்ணே உங்களுக்கு என்றார் ஒருவர். தப்புப் பண்ணுன ஆளையும் மன்னிச்சு விட்டீகளே என்றார் இன்னொருவர். சத்தியமாகச் சொல்கிறேன், அரை நிமிஷம் எனக்கு அது இனிக்கத்தான் செய்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் நாண்டுக்கிட்டுச் சாகலாம் போலிருக்கிறது.

உள்ளே வந்தபோது இஷ்ரத்தின் போனில் என் குரல் ஓடி முடிந்துகொண்டிருந்தது. தோழி அதற்குள் அதையும் கீழே வந்த பதில்களையும் அனுப்பிவிட்டிருக்கிறாள். பாய் கைத்துணியை மடித்தபடி நின்றார்.

"என்னய மன்னிச்சுட்டீகளாம்ணே. எல்லாரும் சொல்றாக."

மடித்த துணியை வண்டியின் மேல் வைத்தார்.

"நட்டுல உங்க ஸ்பேனர் தடம் இருந்துச்சு. சைஸ் சேராத ஸ்பேனரு. நேத்தே பாத்துட்டேன். நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன்."

கார் சன்னலுக்குள் கையை விட்டு இன்ஜினை நிறுத்தினார்.

"இப்ப அந்தக் குரூப்புல பேசுங்க. குரல் தெளிவா விழும்."

போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கட்டைவிரலை அழுத்தினேன். சிவப்பு மைக் விட்டு விட்டு மின்னியது. சோணைமுத்து பேசுறேன் என்றேன். காதுகுத்துக்குப் போயிட்டு வந்த மறுநாள் என்றேன். அதற்குமேல் நாக்கு புரளவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று என்று நொடிகள் ஏறிக்கொண்டிருந்தன. பாய் தரையில் குந்தி உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், கறுத்த தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இஷ்ரத் மூச்சுச் சத்தம்கூட விழாமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.