உள்ளே வைத்த பொட்டு

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டைப்பிங் கடை வைத்திருக்கும் கோதண்டபாணிக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை. முகையூர் இனியவன் திருவக்கரைக் கல்மரங்களைப் பற்றி எழுதிய ஆய்வேடு, முந்நூறு பக்கம், நூற்றைம்பது படம், அவருடைய கம்ப்யூட்டரில்தான் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் அதைப் பிடிஎஃப் ஆக்கிப் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றியாக வேண்டும். தவறினால் பையனின் ஐந்து வருடப் பாடு வீண். கம்ப்யூட்டரோ பாதியிலேயே திணறி நின்றுவிடுகிறது. வேறு கடையில் திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக உடைகிறது.

மெமரி பத்தவில்லை, சேர்த்துப் போட வேண்டும் என்று விழுப்புரம் கம்ப்யூட்டர் கடையில் போனிலேயே சொல்லி, ஆளும் அனுப்பினார்கள். மூன்று மணிக்குப் பஸ் இறங்கி வந்தவள் அமலா. கழுத்தில் சின்னச் சிலுவை, தோளில் பை. இந்தப் பொண்ணா என்று கோதண்டபாணி நினைத்தார். வாய் திறந்து சொல்லாமல் விட்டது அவர் செய்த புண்ணியம்.

அவள் ஒயரைப் பிடுங்கினாள். பெட்டியின் இரும்பை ஒரு தரம் தொட்டுக்கொண்டாள்.

"ஒடம்புல கொஞ்சம் கரண்டு இருக்கும்ணே. அத எறக்கிட்டுதான் உள்ள கை வெக்கணும்."

கொண்டு வந்த மெமரியைக் காலியாக இருந்த பள்ளத்தில் செருகி ஆன் செய்தாள். திரை இருட்டாகவே இருக்க, பெட்டி மட்டும் பீப் பீப் என்று கத்தியது. மறுபடி கழற்றி, செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள்.

"உள்ள மஞ்சளா என்னமோ காஞ்சி கெடக்குதே."

கோதண்டபாணிக்குச் சட்டென்று நினைவு வந்தது. போன ஆயுத பூஜைக்கு எல்லாரும் பெட்டிக்கு மேலே பொட்டு வைத்தபோது, அவருக்கு மட்டும் கூடுதலாக மூளை வேலை செய்தது. உழைப்பது உள்ளே இருப்பதுதானே? மூடியைத் திறந்து பார்த்தார். நீளமாக, காலியாக, பொட்டுக்கென்றே விட்டு வைத்த மாதிரி ஓர் இடம். சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக வைத்தார்.

காலையிலிருந்து பெஞ்சில் காத்துக் கிடந்த இனியவன் பதறி எழுந்து வந்தான். "என்னாங்க ஆச்சி? போர்டு பூட்ச்சா?"

அமலா தலை நிமிர்ந்து கோதண்டபாணியின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஒண்ணும் இல்லிங்க, தூசு. தொடச்சா பூடும்."

ஸ்பிரிட்டில் பிரஷ்ஷை நனைத்துப் பள்ளத்தைப் பல் பல்லாகத் துலக்கினாள். கடையில் இருந்த பென்சில் ரப்பரை வாங்கி மெமரியின் தங்க விளிம்பைத் தேய்த்தாள். மணி நாலேகால். பக்கத்தில் இரண்டு பேருக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. அவள் கையில் துளி அவசரம் இல்லை. முப்பது வருடமாகக் கை வேலையை நம்பிப் பிழைக்கும் கோதண்டபாணி இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை. தனக்கு இவ்வளவு நிதானம் இருந்திருந்தால் எங்கேயோ போயிருக்கலாம் என்று பட்டது.

மெமரியைத் திரும்பச் செருகினாள்; இரண்டு முனையும் 'டக்' என்று உட்கார்ந்தன. திரை வெளிச்சமானது. முந்நூறு பக்கமும் நிற்காமல் ஓடின. நாலு நாற்பத்தைந்துக்கு ஆய்வேடு ஏறியது.

"யம்மா, ஏறிட்ச்சிம்மா," என்று இனியவன் போனில் கத்தினான்.

அமலா மூடியைத் திருகிவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "சந்தனம் இருக்காண்ணே?"

சாமி படத்துக்குக் கீழே இருந்த கிண்ணத்தைக் கோதண்டபாணி தயங்கித் தயங்கி நீட்டினார். அவள் ஒரு துளி தொட்டு, பெட்டிக்கு வெளியே, நெற்றி மாதிரி இருந்த இடத்தில் வைத்தாள்.

"இனிமே இங்க வெய்ங்க. உள்ள இருக்கறதுக்கும் போய்ச் சேரும்."

அவள் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பும்வரை கோதண்டபாணி வாசலிலேயே நின்றார்.

"கண்ணுல என்னாண்ணே?" என்றான் இனியவன்.

"தூசுப்பா."