மூடாத குப்பி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு குட்டு வெளிப்பட்டு அசடு வழிய வேண்டாம் பாருங்கள். என் அக்காவின் தொலைபேசி அழைப்பிலிருந்து வந்தது. மதியத் தூக்கத்தின் பாதியில் எடுத்தேன்.

"டேய், ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக்கூடாது. கண்ணுக்கே தெரியாத ஒண்ணு கை தவறிப் போச்சுன்னா, அது இருக்கா, தொலைஞ்சுதான்னு எப்படிடா தெரிஞ்சுக்கறது?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. முழுதாக விழித்துக்கொள்ளவும் முடியவில்லை. இதையெல்லாம் அந்த அரைத்தூக்கத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'நானூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமி இன்னும் ஆறியிருக்கவில்லை. எங்கே பார்த்தாலும் எரிமலை. அவற்றில் ஒன்று'

(நிறுத்திவிட்டேன். நானூறு கோடி ஆண்டை நான் என்ன கண்டேன்? மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிற ஆள் நான்.)

இரண்டாவது முயற்சி: 'அவள் பாறைகளுக்கு வயது சொல்கிறவள்.'

இது பரவாயில்லை. உண்மையும்கூட. எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பழைய கற்கள் அக்காவிடம் வரும். அவற்றை உடைத்து, பொடித்து, அலசி, சிர்கான் என்கிற படிகத் துகள்களைப் பொறுக்குவாள். ஒவ்வொன்றும் மணலைவிடச் சின்னது. சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தைக் கொஞ்சம் உள்ளே விடும். ஈயத்தை மட்டும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். உள்ளே போன யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும். ஆக, உள்ளே இருக்கிற ஈயம் அந்த வீட்டிலேயே பிறந்தது. யுரேனியம் எவ்வளவு மிச்சம், ஈயம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் எத்தனை காலம் ஆயிற்று என்று தெரிந்துவிடும்.*

* அக்கா இதைப் படித்துவிட்டு, "ரொம்ப சுளுவா சொல்லிட்டே. ஆனா தப்பில்ல," என்றாள். பள்ளிக்கூடக் காலம் தொட்டு அவளிடம் நான் வாங்கிய பெரிய பாராட்டு இதுதான்.

3

அவளுடைய கல் ஒன்றிலிருந்து பொறுக்கிய துகள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வயதைச் சொல்லின. ஒன்றே ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. லேசரால் அதன் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தபோது, மற்றவற்றைவிட மிகவும் மூத்தது என்று காட்டியது.

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். எரிமலைக் குழம்பு மேலே ஏறிவரும் வழியில், தனக்கு முன்பே கீழே கிடந்த ஒரு தரையிலிருந்து அந்தத் துகளை வாரிக்கொண்டு வந்திருக்கலாம். அப்படியானால் அங்கே ஒரு பழைய நிலம் இருந்திருக்கிறது. யாரும் பார்க்காத நிலம், இன்று ஒரு பிடிகூட மிச்சமில்லாத நிலம். அதற்கு இந்தத் துகள் ஒன்றுதான் சாட்சி. இல்லையென்றால், அக்காவுக்கு முன்னால், கல் உடைக்கிற அதே இயந்திரத்தில் வேறு யாரோ ஒரு கிழட்டுக் கல்லை உடைத்திருந்தார்கள். அதில் ஒரு துகள் இடுக்கில் மாட்டி நின்று, இவள் கல்லோடு கலந்திருக்கலாம்.

"மிஷினைத் தொடச்சியா, இல்லையா?"

"பிரஷ் போட்டேன், காத்து அடிச்சேன், ஸ்பிரிட் போட்டும் தொடச்சேன். ஆனா நான் எப்பவும்தானேடா தொடைக்கறேன்? ஞாபகத்துல இருக்கறது அன்னிக்குத் தொடச்சதா, வேற என்னிக்கோ தொடச்சதான்னு சத்தியமாத் தெரியல."

இதற்குள் அந்தப் பழைய நிலத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. கட்டுரை அச்சுக்குப் போகக் காத்திருக்கிறது. துகளின் துல்லியமான வயது தெரிந்தால் சந்தேகம் தீரும். முன்னால் உடைத்த கல்லின் வயதோடு அது ஒத்துப்போனால் அக்காவின் நிலம் காலி. ஆனால் துல்லியமாகப் பார்க்க வேண்டுமென்றால் துகளை அமிலத்தில் முழுதாகக் கரைக்க வேண்டும். வயது கையில் கிடைக்கும், துகள் போய்விடும். இருப்பதோ ஒன்றே ஒன்று. கடைசியில் கரைத்துவிடுவது என்று அக்கா முடிவு செய்தாள்.

4

இப்போது ஒரு பாத்திரம் தேவைப்படுகிறது. அக்காவின் ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு: துகளை அமிலத்தில் கரைக்கிற குப்பியில் போட்டவரே, அது உள்ளே விழுந்ததா என்று பார்த்துச் சொல்லக்கூடாது. ஆசைப்பட்ட கண் தூசியைக்கூடத் துகள் என்று சொல்லிவிடும். இன்னொருவர் குனிந்து பார்த்து "இருக்கு" என்று சொன்ன பிறகுதான் மூட வேண்டும். அந்த இன்னொருவருக்கு நான் 'இரண்டாம் கண்' என்று பெயர் வைத்தேன். ஒல்லியான மனிதர். பேச்சு குறைவு. சாப்பிட்டு வந்ததும் கொட்டாவி விடுவார், ஆனால் நுண்ணோக்கியின் பக்கத்தில் மட்டும் விடமாட்டார்.

அறை முழுக்க வெள்ளை. வடிகட்டிய காற்றின் இரைச்சல் ஒரே சீராக ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் அது காதில் விழுவதே நின்றுவிடும். வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. அக்கா, நுனியில் ஓர் இமைமுடி ஒட்டிய குச்சியால் துகளை நகர்த்துகிறாள். (அவளுடைய இமைமுடிதான். கேட்டுத் தெரிந்துகொண்டேன்.) குப்பி சுண்டுவிரல் நுனி அளவு. ஒட்டாத வாணலியில் பூசுவார்களே, அதே பொருளால் ஆனது. காற்று வறண்டிருந்தால் அதில் மின்னேற்றம் ஏறிவிடும். துகள் கிட்டே வந்ததும் துள்ளும்.

துள்ளியது.

'"உள்ளயா, வெளியயா? நீங்க பாத்துச் சொல்லுங்க," என்றாள். இரண்டாம் கண் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் குனிந்து'

(இதுவரை எழுதியதை அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்? இந்த இடத்தில் தொலைபேசி அடித்தது.)

5

"யாருடா இந்த ஆளு?"

"ரெண்டாவது ஆளு. விதி இருக்குன்னியே."

"விதி இருக்கு, ஆள் எங்க இருக்கு? கூட இருந்தவங்க வேலையை விட்டுப் போய் ரொம்ப நாளாச்சு. அந்த இடத்துக்கு யாரையும் போடல. நான் தனியாத்தான்டா இருந்தேன்."

"அப்ப யாரு பாத்துச் சொன்னது?"

"யாரும் பாக்கல. நானும் பாக்கல. துள்ளிச்சு. கையும் ஓடல, காலும் ஓடல. பாத்து, இல்லன்னு தெரிஞ்சா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன். அப்படியே அமிலத்தை விட்டு, மூடி, ஓவன்ல வச்சுட்டேன். இன்னும் திறக்கல."

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவள், பார்க்க வேண்டிய ஒரே நேரத்தில் பார்க்கவில்லை. அவளைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருப்பார்கள், டீ குடித்துக்கொண்டு அரட்டை அடிப்பார்கள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். கேட்டதே இல்லை.

"சரிக்கா, அவரை எடுத்துடறேன்."

"வேண்டாம்." அந்தப் பக்கம் காற்றிரைச்சல் மட்டும் கேட்டது. "இருக்கட்டும். நல்ல மனுஷனாத் தெரியறாரு. அவரு என்ன சொல்றாரு?"

"இன்னும் சொல்லல. குனிஞ்சிருக்காரு."

"ம்," என்றாள்.

6

மூன்று முடிவுகள் எழுதி வைத்தேன்.

அ) ஓவனைத் திறக்கிறாள். கரைசலில் ஈயம் இருக்கிறது. வயது அந்தக் கிழட்டுக் கல்லோடு ஒத்துப்போகவில்லை. நிலம் இருந்தது. (ஒரே மூச்சில் எழுதினேன். அதனாலேயே எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.)

ஆ) ஒத்துப்போகிறது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறாள். நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள்.

இ) ஈயமே இல்லை. குப்பியில் எதுவும் விழுந்திருக்கவில்லை. துகள் அவள் சட்டைக் கையில் ஒட்டி வீடு வந்து, துணி துவைத்த தண்ணீரோடு போய்விட்டது. உலகத்தின் ஆதி நிலமாக இருந்தாலும் இருந்திருக்கலாம். இனி

"மூணாவதை அடிச்சுடு," என்றாள் அக்கா. "தப்புன்னு வந்தாக்கூடத் தாங்கிப்பேன்டா. கடைசிவரைக்கும் தெரியாமலே போயிடறதுதான் முடியாது."

அடிக்கவில்லை. அடித்தால் நடக்காமல் போய்விடுமா என்ன? ஆனால் முடிக்கவும் கை வரவில்லை. அந்த வாக்கியம் அப்படியே கிடக்கிறது.

7

நிஜத்தில் குப்பியை மூடியாகிவிட்டது. கதையில் இன்னும் மூடவில்லை. துகள் துள்ளிய நொடியில் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். முதல் முயற்சியில் பாதியில் விட்ட எரிமலைக் குழம்பும் அவசரப்படாது.

இரண்டாம் கண் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அவர் நான் செய்த ஆள். நான் அவளுக்குத் தம்பி. என் ஆசையைத்தான் அவர் வாயால் சொல்வார். விதிப்படி அது செல்லாது. அவளுக்கு உறவாக இல்லாத ஒருவர் பார்க்க வேண்டும்.

அதனால்தான் உங்களை இவ்வளவு தூரம் அழைத்துவந்தேன், தப்பாக நினைக்காதீர்கள். அவர் எழுந்து இடம் விட்டுவிட்டார். நாற்காலி கொஞ்சம் உயரம், அது அக்காவின் அளவு. உட்காருங்கள். மூச்சை வெளியே விடாமல் குனியுங்கள்.

அவள் உங்களுக்குப் பின்னால், விரல் நுனியில் மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். குப்பியைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் வெளியே போய் நிற்கிறேன். எது தெரிந்தாலும் என்னிடம் சொல்ல வேண்டாம். திரும்பி, அவளிடம் சொல்லுங்கள்.