கறுப்பேற்றிய தாளம்

பூந்தமல்லியில் மஹ்பூபாவின் அண்ணன் முஸ்தகீம் வெண்கலத் தாளங்களை வார்த்துக் கடைந்து கொடுப்பார். அவற்றுக்குச் சுருதி சேர்ப்பது மஹ்பூபாவின் வேலை. விளிம்பில் அரம் போட்டால் சுருதி ஏறும். குழிக்குள் சுரண்டினால் இறங்கும். பஜனைக்காரர்களுக்குக் கணீரென்று கேட்க வேண்டும். நாட்டிய டீச்சர்களுக்கு ஜோடியில் ஒன்று கனத்தும் மற்றது மெலிந்தும் ஒலிக்க வேண்டும். சர்ச் பாடகர் குழுவின் ஜஸ்டின் கீபோர்டையே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அதோடு ஒட்டவில்லை என்றால் வாங்கமாட்டார்.

மூன்று மாதத்துக்கு முன் வந்த தினேஷ் கேட்டது வேறு. இரண்டு தாளமும் சுருதியில் இம்மியளவு விலகியிருக்க வேண்டும். விளிம்போடு விளிம்பு தட்டினால் ஒலி அலையலையாக எழுந்து அடங்க வேண்டும். "பார்க்கப் பழசா இருக்கணும்" என்றும் சொன்னான். முஸ்தகீம் மருந்து தடவிக் கறுப்பேற்றினார். ஏதோ அலங்காரத்துக்கு என்று நினைத்த மஹ்பூபா எதற்கென்று கேட்கவில்லை.

தாளத்தின் கயிறு அறுந்துவிட்டதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தினேஷ் போன் செய்தான். வெள்ளானூரில் புது அடுக்குமாடி, நான்காவது மாடி. வாசலிலேயே புதுக் கயிறு கோத்துக் கொடுத்தாள். இன்னொரு ஜோடிக்கும் கயிறு மாற்ற வேண்டும், வகுப்பு முடியும்வரை பின்னால் உட்காருங்கள் என்றான்.

கூடத்தில் ஏ.சி. குளிரோடு ஊதுபத்திப் புகை கலந்து திகட்டியது. வெள்ளை விரிப்பில் எட்டுப் பேர். நடுவில் ஐம்பது வயதுள்ள ஒரு பெண் மல்லாந்து படுத்திருந்தாள். சாவித்திரி என்று தினேஷ் அழைத்தான். பக்கத்தில் அவள் கணவர் ஜெயராமன் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்.

"இந்தத் தாளத்துக்கு இருநூறு வயசு" என்றான் தினேஷ். "இமயமலையில ஒரு மடத்துல எங்க குருவுக்குக் கொடுத்தது. இதோட வைப்ரேஷன் கட்டியைக் கரைச்சிடும்."

சாவித்திரியின் இடது மார்புக்கு மேலே தாளத்தைத் தாழ்த்தி, கண்ணைப் பாதி மூடி, தட்டினான். மஹ்பூபா சேர்த்த அதே அலை எழுந்து அடங்கியது. சாவித்திரியின் கண்ணோரத்தில் நீர் வழிந்தது.

"ஆபரேஷனைத் தள்ளிப் போட்டீங்களா?" என்று கேட்டான் தினேஷ்.

"வியாழக்கிழமை தேதி கொடுத்திருந்தாங்க. வேணாம்னு சொல்லிட்டோம் சார்" என்றார் ஜெயராமன்.

"நல்லது. கத்தி பட்டா எனர்ஜி உடைஞ்சிடும். நாற்பது நாள் பொறுங்க."

மஹ்பூபா எழுந்தாள். "அது நான் சுருதி சேத்ததுபா. மூணு மாசந்தான் ஆவுது."

தினேஷின் முகம் கொஞ்சமும் மாறவில்லை. "ரிப்பேர் பண்ற அம்மா. கயிறு மாத்த வந்தாங்க" என்று மற்றவர்களிடம் சிரித்தான். அந்தச் சிரிப்பே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இவனுக்குத்தானே இரண்டு நாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து சேர்த்துக் கொடுத்தோம் என்று தன் மேலும் அருவருப்பு வந்தது.

அவன் கையிலிருந்து ஜோடியைப் பிடுங்கினாள். பையிலிருந்து அரத்தை எடுத்து, தரையில் உட்கார்ந்து, முழங்காலில் அழுத்தி ஒன்றின் விளிம்பை ராவினாள். கறுப்பு பொடியாக விரிப்பில் கொட்டியது. உள்ளே மஞ்சள் வெண்கலம் பளபளத்தது. இருபது இழுப்புக்குப் பிறகு மற்றதோடு சேர்த்துத் தட்டினாள். அலை இல்லை, தகரம் அதிர்வது போல் ஒரு படபடப்பு.

"இருநூறு வருசம் எங்க போச்சு, பாருங்க" என்றாள் சாவித்திரியிடம். "இது வெறும் வெண்கலம்மா. தட்டினா சத்தம் வரும். கட்டியெல்லாம் கரையாது."

"நம்பி வந்தவங்ககிட்ட இப்படிப் பண்றீங்களே, உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?" என்று ஜெயராமன் கோபப்பட்டது மஹ்பூபாவிடம்தான். விரிப்பில் இருந்தவர்களும் அவளையே முறைத்தார்கள்.

சாவித்திரி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். விளிம்பின் மஞ்சளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கட்டி முன்னைவிடப் பெரிசாயிருக்குங்க" என்றாள் கணவரிடம். "தப்பா நினைப்பீங்கன்னு நான் சொல்லலை. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணலாம்."

ஜெயராமன் தினேஷைப் பார்த்தார். அவன் அதற்குள் அடுத்தவரைப் படுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை கிடைக்கவில்லை, அடுத்த வாரம்தான் இடம் கிடைத்தது. கட்டியை எடுத்தாயிற்று, சிகிச்சை இன்னும் பாக்கியிருக்கிறது என்று சாவித்திரியின் மகள் ரோஷினி, மஹ்பூபாவின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போனில் சொன்னாள். மஹ்பூபா நிம்மதியாகப் பெருமூச்சுவிட்டாள்.

அன்று மதியமே இன்னொரு போன் வந்தது.

"மேடம், தினேஷ் பேசறேன். அந்த ஜோடி கெட்டுப்போச்சு இல்ல, புதுசு எத்தனை நாள்ல கிடைக்கும்?" கோபமோ கூச்சமோ இல்லாத குரல். "கிளாஸ் ரெண்டு பேட்ச் ஆயிடுச்சு."

"உனுக்கு வெக்கமே இல்லியா?"

"எதுக்கு மேடம்?" என்றான். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

அவள் போனை வைத்தாள். கன்னத்தையும் காதையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.