மஹோகனி அலுமாரியும் நாலு புத்தகமும்

கனகலிங்கம் வீட்டில் மொத்தம் நாலு புத்தகம். அதில் ஒன்று கார் ஓட்டப் பழகும் புத்தகம், இன்னொன்று டெலிபோன் புத்தகம். அப்படிப்பட்டவர் 1989இல் தன் லண்டன் ஈஸ்ட் ஹாம் வீட்டுக்கு ஏழடி உயரப் பழைய மஹோகனிப் புத்தக அலுமாரி வாங்கினார் என்றால் சும்மாவா? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குத் தலைவர் தேடிக்கொண்டிருந்த பாலேந்திரா அண்ணை ஞாயிறு மத்தியானம் சாப்பிட வருகிறார். படித்த மனிதனின் வீடு என்று அவர் மலைத்துப்போக வேண்டும். அந்தப் பதவிக்குக் கனகலிங்கம் நாயாய் அலைந்தார்.

மனைவி தவநாயகியின் கவலை வேறு. மூன்று வருடமாக அவளுடைய சாமிப் படங்கள் சுடுதண்ணி பாய்லர் இருக்கிற சுவர் அலுமாரிக்குள், துவாய்களுக்கு நடுவே வெந்துகொண்டிருந்தன. ஒரு விளக்கு வைக்க இடமில்லை. நினைத்தாலே அவளுக்கு அழுகை வரும்.

அலுமாரியைக் கொண்டுவந்த வெள்ளைக்காரக் கிழவர் அதன் பெருமையை வாய் ஓயாமல் சொன்னார். கனகலிங்கம் தன் இங்கிலீஷைக் காட்டுவதற்காக ஒரு சொல் விடாமல் மனைவிக்கு மொழிபெயர்த்தார். அங்கேதான் கெட்டார்.

“மேலை இருக்கிற முக்கோணம் கிரேக்கக் கோயில் முகப்பைப் பாத்துச் செய்ததாம். கண்ணாடிச் சட்டம் பழைய சேர்ச் யன்னல் மாதிரியாம். கரையிலை இருக்கிற பின்னல் சீனாக்காரன்ரையாம்.”

“முக்கோணம் ஏன் நடுவிலை உடைஞ்சிருக்கு?”

“உடையேல்லை, அப்பிடித்தான் வெட்டுவினமாம். அந்த இடைவெளியிலை ஆரோ படிச்ச மனிசன்ரை சிலையை வைப்பினமாம்.” தன் கோட் சூட் படம் அங்கே கொள்ளுமா என்று அவர் மனம் அளவெடுக்கத் தொடங்கியது.

“மேலை கோயில், நடுவிலை சேர்ச்,” என்றாள் தவநாயகி. “இதுக்குள்ளை உங்கட டெலிபோன் புத்தகத்தையோ வைக்கப் போறியள்?”

ஞாயிறு காலை ஷிப்ட் முடிந்து அவர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சேர்ச் யன்னலுக்குப் பின்னால் சிவபெருமான் குடும்ப சமேதராக எழுந்தருளியிருந்தார். முக்கோண இடைவெளியில் பிள்ளையார், அளவெடுத்துச் செய்தாற்போல. புத்தகங்கள் நாலும் பாய்லர் அலுமாரிக்குள். கத்த வாயெடுத்தவர் விளக்கு வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தார். மூன்று வருடத்தில் அவள் இப்படிச் சிரித்ததே இல்லை. குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

கதவு மணி அடித்தது. உள்ளே வந்த பாலேந்திரா அண்ணை பிள்ளையாரைக் கண்டதும் தலையில் குட்டிக் கும்பிட்டார். பிறகு அலுமாரியை மேலும் கீழும் பார்த்தார்.

“புத்தக அலுமாரி எண்டல்லோ சொன்னீர்? புத்தகங்கள் எங்கை ஐசே?”

கனகலிங்கம் பிள்ளையாரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“எல்லாம் படிச்சு முடிச்சிட்டன் அண்ணை.”