பேரோடு போன வரி

மீராவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். பேச்சைக் குறைத்துக்கொள்வாள், சிரிப்பைக் கூட்டிக்கொள்வாள். கைலாஷுக்கு அவார்டு கொடுத்த அன்று கம்பெனி மொத்தமும் அவள் சிரித்த முகத்தைப் பார்த்து, "பாவம், எவ்வளவு நல்ல மனசு" என்றது. கம்பெனிக்கு ஆள் பார்க்கத் தெரியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மலையாள மண்ணில், கழக்கூட்டம் என்கிற ஊரில் இருந்த அந்தச் சிறிய கம்பெனிக்கு, ஆஸ்பத்திரி, கூட்டுறவு சங்கம் என்று போய் சர்வர் நிறுவிக் கொடுப்பதுதான் தொழில். முன்பெல்லாம் ஒவ்வொரு மெஷின் முன்னாலும் உட்கார்ந்து ஓ.எஸ். போட்டு, நெட்வொர்க் முகவரி கொடுத்து, முதுகு ஒடிய வேண்டும். அதை மாற்றியவள் மீரா. அவள் செய்த ஏற்பாட்டில் பவர் பட்டனை அமுக்கினால் போதும். மெஷின் தானே எழுந்து, நெட்வொர்க்கில் தனக்கொரு முகவரி கேட்டு வாங்கி, ஓ.எஸ்.ஸையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்ளும். அதற்காக ஒரு வருஷம் உயிரை விட்டிருந்தாள். மேடையில் மைக்கைப் பிடித்த டீம் லீட் கைலாஷ், "இது என் குழந்தையாக்கும்" என்றான். பெற்றவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள்.

அதோடு போயிருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பாளோ என்னவோ. கைலாஷின் வீடு ஸ்ரீவராகத்தில் அவள் வீட்டுக்கு எதிர்சாரி. அவனுடைய அம்மா மெனக்கெட்டுத் தெருவைக் கடந்து வந்து, "எங்காத்துக் கைலாஷ் ஒத்தைக்கு உக்காந்து பண்ணினதாக்கும், கேட்டேளா? உங்க மீராவும் கூடமாட ஒத்தாசை பண்ணினாளாமே, அவனே சொன்னான்" என்று மீராவின் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த மீராவுக்குக் காது கொதித்தது. கூடமாட ஒத்தாசை! இவனை விடக்கூடாது என்று அந்த நிமிஷம் முடிவு பண்ணினாள்.

அடுத்து வந்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வேலை. ஒரு அறை நிறையப் புது சர்வர்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுப்பிக் காட்ட வேண்டும். அது நல்லபடியாக முடிந்தால் கைலாஷ் டிவிஷன் ஹெட் ஆகிவிடுவான், மீரா காலத்துக்கும் அவன் கீழே கைகட்டி நிற்க வேண்டியதுதான். அது முடியாமல் போனால் அந்த நாற்காலிக்கு மீராவை விட்டால் வேறு ஆள் இல்லை.

அதற்கு முந்தின நாள் மத்தியானம் கைலாஷ் ஒரு ஃபைலை அவளுக்கு அனுப்பினான். "ஓப்பனிங் ஸ்க்ரீன்ல ஆஸ்பத்திரி லோகோ மட்டும் வெச்சுக் குடு. வேறெ ஒண்ணும் தொடண்டாம்" என்றான்.

அவள் திறந்து பார்த்தாள். மீராவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை எழுதினாலும் அது எதற்காக என்று ஒரு குறிப்பும், குறிப்பின் முடிவில் தன் பேரும் போடுவாள். மெஷின் அதைப் படிக்காது, பின்னால் வருகிற மனுஷனுக்காக எழுதுவது. இப்போது அந்தப் பேர் ஓர் இடத்தில்கூட இல்லை. அவள் பேர் வருகிற வரிகளையெல்லாம் தேடி, கைலாஷ் ஒரே வீச்சில் அழித்திருந்தான். பெரும்பாலும் அவை வெறும் குறிப்புகள், போனால் நஷ்டமில்லை. ஓர் இடத்தில் மட்டும், வேலை செய்கிற வரியின் வாலிலேயே குறிப்பை எழுதியிருந்தாள். பேரோடு அந்த வரியும் போயிருந்தது.

அது சாதாரண வரி இல்லை. புது சர்வர்களின் முதுகில் நாலு போர்ட் இருக்கும். ஆஸ்பத்திரியில் கேபிளைச் சொருகியிருந்தது மூன்றாவதில். எழும்போது மெஷின் நாலையும் தட்டிப் பார்த்து மூன்றாவது வழியாக எழுந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு ஓ.எஸ். போட வருகிற இன்ஸ்டாலருக்கு இந்தக் கதை தெரியாது. அது முதல் போர்ட்டில் போய் நிற்கும், கொல்லை வழியாக வந்த விருந்தாளிக்கு வாசலில் காத்துக்கொண்டு நிற்கிற மாதிரி. 'எந்த வழியாக எழுந்தாயோ அந்த வழியாகவே போ' என்று சொல்கிற வரிதான் போயிருந்தது. ஆபீசில் சோதனைக்கு வைத்திருந்த மெஷினில் கேபிள் முதல் போர்ட்டில் இருந்ததால், கைலாஷ் ஓட்டிப் பார்த்தபோது ஜோராக ஓடியது. அவனும் குளிர்ந்துபோனான்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். மீரா சொல்லவில்லை. லோகோவை வைத்தாள், கொஞ்சம் பெரிதாகவே வைத்தாள், திருப்பி அனுப்பினாள். வீட்டுக்குப் போகும் வழியில் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் இறங்கித் தேங்காய் வாங்கினாள். ஊரெல்லாம் அங்கே விக்னம் தீர வேண்டும் என்று உடைக்கும். இவள், "பிள்ளையாரே, நாளைக்கு ஒரு நாள் நீர் குறுக்கே வராதேயும்" என்று வேண்டிக்கொண்டு ஓங்கிப் போட்டாள். சிதறுகாய் சுக்குநூறானது.

மறுநாள் ஆஸ்பத்திரியின் சர்வர் அறையில் கல்யாணக் கூட்டம். கணினிப் பிரிவுக்குத் தலைவரான ஆறுமுகநயினார், பெரிய டாக்டர்களையும் நிர்வாகிகளையும் தானே போய் அழைத்து வந்திருந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர், வேலைக்காக இங்கே வந்து தலை நரைத்தவர். கைலாஷ் புதுச் சட்டை போட்டிருந்தான். பட்டனை அமுக்கினான். வரிசையாக மெஷின்கள் எழுந்தன. திரைகளில் லோகோ பெரிதாக மலர்ந்தது. டாக்டர்கள் கை தட்டினார்கள்.

லோகோ மறைந்தது. 'நெட்வொர்க் கிடைக்கவில்லை' என்று எல்லாத் திரைகளும் ஒரே குரலில் சொல்லிவிட்டு நின்றன.

"கேபிள் லூஸாக்கும்" என்றான் கைலாஷ். ஷிஜாவை விரட்டினான். பாறசாலைப் பெண், கம்பெனிக்குப் புதிது. அவள் ஓடிப்போய் ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சொருகினாள்.

"சார், கேபிள் ஒக்கெ ஷெரியாக்கும். முகவரியும் எல்லா மெஷினுக்கும் போயிருக்கு, நோக்குங்க."

"நீ சும்மா இரி."

கைலாஷ் முகவரி கொடுக்கிற சர்வீஸை நிறுத்தித் திரும்பப் போட்டான். மறுபடி லோகோ, மறுபடி அதே செய்தி. பிறகு, "உங்க நெட்வொர்க் ஸ்விட்ச்ல என்னமோ ப்ளாக் ஆறது சார்" என்றான்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான கெடந்துது?" என்றார் ஆறுமுகநயினார். அவர் குரலில் சுருதி இறங்கியிருந்தது. டாக்டர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொருவர் மலையாளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய்விட்டார்கள். ஆறுமுகநயினார் வாசல் வரை பின்னாலேயே போய்த் தலையைச் சொறிந்துவிட்டு வந்தார்.

மீரா சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள். ஏ.சி. அறையில் கைலாஷின் முதுகு நனைந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு நிறைந்தது.

கடைசியில் அவளிடம்தான் வந்தான். குரலைத் தாழ்த்தி, "மீரா, கொஞ்சம் பாரேன்" என்றான்.

"நான் எதைப் பாக்கறது? லோகோ நன்னாத்தானே வந்திருக்கு."

"விளையாடாதே. ப்ளீஸ்."

"நீங்க எழுதினது. நேக்கு என்ன தெரியும்?" இதை அவள் அறைக்கே கேட்கச் சொன்னாள்.

ஆறுமுகநயினார் திரும்பினார். "அந்தப் பிள்ளைக்குத் தெரியும்னா சொல்லட்டுமே. என்னத்துக்கு ரகசியம்?"

"சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இதிலேர்ந்து ஒரு வரியை எடுத்திருக்கு. ஏன் எடுத்தார்னு அவர் சொல்லட்டும்."

கைலாஷ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். "கொஞ்சம் க்ளீன் பண்ணினேன் சார். வேண்டாத குறிப்பெல்லாம் எடுத்தேன். அதோட போயிருக்கும்."

"வேண்டாத குறிப்புன்னா?" என்றாள் மீரா. "அதில என்ன இருந்தது?"

"பேரு."

"யார் பேரு?"

அவன் தரையைப் பார்த்தான். "உன் பேரு."

"சார் காதில விழல்லே."

"மீரா பேரு சார். இது மொத்தமும் மீரா எழுதினது."

மீராவின் உடம்பெல்லாம் குளிர்ந்தது. இத்தனை மாசம் நெஞ்சில் கிடந்து உறுத்திய முள் பிடுங்கி எறியப்பட்டது. நிதானமாக நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதையும் தேடிப் பார்க்காமல் அந்த வரியை அப்படியே அடித்தாள், வாலில் பேரையும் போட்டாள். மெஷின்களை மறுபடி எழுப்பினாள். ஒவ்வொரு திரையிலும் ஓ.எஸ். ஏற ஆரம்பித்தது. ஷிஜா சந்தோஷத்தில், "மீரா சேச்சீ!" என்று கத்தியே விட்டாள்.

ஆறுமுகநயினார் கை தட்டவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"ஏம்மா, நீ ஒரு வயரத் தொட்டுப் பாக்கல. ஒண்ணயும் தேடிப் பாக்கல. நேரா வந்து உக்காந்து அடிச்சிட்ட. ஒனக்கு இது எப்பத் தெரியும்?"

ஜெயித்த மயக்கத்தில் வாய் முந்திக்கொண்டது. "நேத்திக்கே தெரியும் சார்."

சொன்னபோது குரலில் பெருமைகூட இருந்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது வடிந்தது.

"நேத்தே தெரியும்" என்றார் அவர் மெதுவாக. "நான் கூட்டியாந்த மனுஷங்க என்னையப் பாத்துச் சிரிச்சிட்டுப் போனாங்க. நீ சுவத்துல சாஞ்சு நின்னு பாத்துக்கிட்டு இருந்த. சரி. இவருக்கு வேல தெரியல, அத வுடு. ஒனக்குத் தெரியுது. நாள இங்க ஒரு மெஷின் நிக்கப் போவுதுன்னு தெரிஞ்சா எனக்கு ஒரு போன் அடிப்பியா, இல்ல இதே மாதிரி நிப்பியா?"

கைலாஷ் தலை நிமிர்ந்தான். அன்றைக்கு முதல் தடவையாக அவன் கண்ணில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. மீரா அதைப் பார்த்தாள். 'அடிப்பேன் சார், தப்புதான்' என்று ஒரு வாக்கியம் போதும், நாற்காலி அவளுடையது. ஆனால் தான் செய்தது தப்பு என்று இவன் கேட்க ஒத்துக்கொள்வதா? செத்தாலும் மாட்டாள்.

"அது யார் ஹெட்டா இருக்காங்கறதைப் பொறுத்தாக்கும் சார்."

"உள்ளதச் சொன்ன. போதும்" என்று அவர் எழுந்தார். அவர்கள் எதிரிலேயே கம்பெனி முதலாளிக்குப் போன் போட்டார். மெஷின் நன்றாக ஓடுகிறது, ஆனால் இந்த ரெண்டு பேரும் இனி இந்த வாசலை மிதிக்க வேண்டாம், ஷிஜா என்று ஒரு பிள்ளை நிற்கிறது, அது போதும் என்றார். ஷிஜா யார் முகத்தையும் பார்க்க முடியாமல் கேபிள்களைப் பார்த்தாள்.

லிஃப்டில் அவர்கள் இருவர் மட்டும் இறங்கினார்கள். கண்ணாடியில் நனைந்த சட்டையும் வெளுத்த முகமுமாக கைலாஷ் தெரிந்தான்.

"நான் ஹெட் ஆறது போச்சு. நீ ஆறதும் போச்சு" என்றான். "நோக்கு என்ன கிடைச்சுது மீரா?"

வலிக்காமல் இல்லை. நாற்காலி போனது, அவள் கட்டினதை இனி ஷிஜா பார்த்துக்கொள்வாள், தெருவில் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை. லிஃப்ட் கீழே வந்து நின்றது. அவள் கையை நீட்டி, கதவு திறக்காமலிருக்க மூடுகிற பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றாள்.

"என்னது?"

"யார் எழுதினதுன்னு."

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் விரலை எடுக்கவில்லை. கைலாஷ் அவள் விரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீ எழுதினது" என்றான்.

இனித்தது. இத்தனைக்குப் பிறகும் இனித்தது. மீராவுக்குத் தன்னை நினைத்து முதல் தடவையாக பயமாக இருந்தது.