வீரய்யா விதைகள் டாட் ஷாப்

1

இந்தக் கதை ஒரு கடைப் பலகையிலிருந்து எனக்குக் கிடைத்தது. விராலிமலையில் பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே 'வீரய்யா விதைகள் டாட் ஷாப்' என்று இணைய முகவரி எழுதியிருந்தது. 'ஷாப்' என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் சிவப்பில் பட்டையாக ஒரு கோடு. இத்தனை அழுத்திக் கோடு போடுகிறார்கள் என்றால், ஆட்கள் வழி தவறி வேறெங்கோ போகிறார்கள் என்று தோன்றியது. மற்றதெல்லாம் என் கற்பனை.

2

மழை விட்டதும் அன்புமொழி கடையைத் திறந்து...

(வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவிடுவேன்.)

வீரய்யா இறந்தபின் அவருடைய விதை வியாபாரத்தை அண்ணனும் தங்கையும் பிரித்துக்கொண்டார்கள். சேரன் பொன்னமராவதியில் கடை போட்டான். அன்புமொழி விராலிமலைக் கடையிலேயே இருந்தாள். அப்பா பெயரில் இருந்த இணைய முகவரியை மட்டும் பிரிக்க முடியவில்லை. டாட் காம் என்று முடியும் அந்த முகவரி சேரன் வசம் இருந்தது.

"நீ வேற பேரு வச்சுக்க," என்றான்.

"எனக்கும் அவருதானண்ணே அப்பா?"

முகவரியின் கடைசியில் காம்தான் வரவேண்டும் என்பதில்லை, ஷாப், ஆன்லைன் என்று புதிது புதிதாக வந்துவிட்டன என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கே அப்பா பெயரை டாட் ஷாப்பில் பதிந்துவிட்டாள். அன்றோடு சேரன் பேச்சை நிறுத்தினான்.

(முதல் வரைவில் சேரன் கெட்டவன். அது நிற்கவில்லை. அப்பா பெயர் இரண்டாகிப்போனது அவனுக்கும் வலித்திருக்கும்.)

3

ஆடிப்பட்டத்தில் குன்றாண்டார்கோவில் குழந்தைசாமி அன்புமொழியிடம் வெண்டை விதை வாங்கிப் போட்டார். முளைக்கவில்லை. ஆத்திரத்தோடு மெயிலில் புகார் எழுதியவர், பழக்கதோஷத்தில் முகவரியின் கடைசியில் டாட் காம் என்று அடித்துவிட்டார். புகார் சேரனிடம் போய்ச் சேர்ந்தது.

அவன் அதை நாலு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தால் அவள் கடையை மூட வேண்டியதுதான். அப்படிச் செய்யாமல் தங்கைக்குப் போன் போட்டான்.

"அன்பு, நீ குடுத்த வெண்டை மொளைக்கலையாம். மிச்ச பாக்கெட்ட யாருக்கும் குடுத்துறாத."

"வேற யார்ட்டயும் சொல்லிட்டியாண்ணே?"

"வீரய்யா வெதை மொளைக்கலன்னா, காமா ஷாப்பான்னா பாக்கப் போறாங்க?"

அவள் அலமாரியைத் துழாவினாள். "என்ட்ட வேற வெண்டை இல்லண்ணே. அவருக்குப் பட்டம் தப்பிரும்."

"என்ட்ட இருக்கு. எடுத்துட்டு வாரேன். நீயும் அங்கிட்டு வந்துரு."

4

இருவரும் குழந்தைசாமியின் வயலில் சந்தித்தார்கள். சேரன் புது விதையைக் கொடுத்தான். புகார் அண்ணனிடம் போய்விட்டதைச் சொல்லி அன்புமொழி மன்னிப்புக் கேட்டாள். குழந்தைசாமிக்குக் கோபம் தணிந்து குழப்பம் வந்தது.

"எழுதுனது அவருக்கு, வித்தது நீங்க. ரெண்டும் ஒரே கடைதானங்க?"

சேரன் தங்கையைப் பார்த்தான்.

'ஆமாங்க' என்று அவளைச் சொல்லவைத்தேன். தனியாக நின்று அவள் நடத்திய கடை அந்த ஒரு சொல்லில் காணாமல் போயிற்று, அதை அடித்து நீக்கினேன். 'இல்லைங்க' என்று எழுதினேன். விதையோடு வந்து நிற்பவனின் முகத்தைப் பார்த்து அதையும் அடித்தேன். உடன்பிறந்தாரோடு பேசாமல் இருந்து பார்த்தவர் நீங்கள் என்றால், இந்த இடத்தை என்னைவிட நன்றாக எழுதுவீர்கள்.

அன்புமொழிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நாங்க...